உடுப்புக்கு முன்னால் ஒரு குட்டிச்சொல்

எங்கள் ஊர்க் கார்னிவலில் தொலைகிறவர்கள் ஏழு நிமிடத்தில் கிடைத்துவிடுவார்கள். பூங்காவின் ஒலிபெருக்கிக் கூண்டுக்கு நேர் எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன் என்கிற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்வேன். ஒருவருக்கு முன்தலை முடியை வெட்டி முடிப்பதற்குள் யாருடைய புருஷனாவது தொலைவார். பிடரி மழித்து முடிப்பதற்குள் கிடைத்துவிடுவார். பிப்ரவரியின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பத்தொன்பது வருடமாக இப்படித்தான் நடந்துவந்தது. அதற்குக் காரணம் நெரெய்தா பொலாங்கோ.

நெரெய்தா நகராட்சியின் அறிவிப்பாளர். மற்ற மாதங்களில் குப்பை வண்டி எப்போது வரும், தண்ணீர் எப்போது வராது, யார் இறந்தார், அடக்கம் எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் அந்தக் கூண்டிலிருந்து படிப்பார். சாவுச் செய்தியைக்கூட அவர் படித்துக் கேட்டால், நம் பெயரும் ஒருநாள் இந்தக் குரலில் வந்தால் பரவாயில்லை என்று தோன்றும். அவருக்குத் துணை பெலார்மினியோ என்கிற அறுபது வயதுக்காரர். பழைய ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பேச வைப்பது அவர் வேலை. தட்டாத நேரத்தில் நெரெய்தாவைக் கிண்டல் செய்வார்.

கார்னிவல் என்றால் எங்களுக்குப் பிசாசுகள்தான். பட்டுத்துணி அங்கி, சலங்கை, கண்ணாடிச் சில்லுகள், கொம்பும் பல்லும் வைத்த முகமூடி, கையில் கயிற்றில் கட்டிய காற்றடைத்த பை. அந்தப் பையால் பார்க்க வந்தவர்களின் பின்புறத்தில் ஓங்கி ஒரு போடு போடுவது பிசாசின் உரிமை. எண்ணூறு பிசாசுகள். அதனால் உள்ளூர்க்காரர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்போம். வெளிநாட்டுக்காரர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள், அடி விழுந்ததும் ஓடுவார்கள், ஓடியதும் தொலைவார்கள்.

எங்கள் மொழியில் ஒருவரைத் தேடுவது சுலபம். ‘பச்சைத் தொப்பிக்காரம்மா’ என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் அப்படி முடியாதாம். ஆளுக்கும் தொப்பிக்கும் நடுவில் ஒரு குட்டிச்சொல் வந்து நிற்க வேண்டும். இன், ஆன், வித் என்று பல உண்டு. ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஆன்’ என்றால் மேலே, ‘வித்’ என்றால் கூட. நெரெய்தா ஒன்றரை வருடம் நியூயார்க்கில் சலவைக்கடையில் வேலை பார்த்தவர். ஆங்கிலத்தில் துணிகளின் பெயர் அத்தனையும் தெரியும். குட்டிச்சொற்களை மட்டும் கைக்கு வந்தபடி எடுத்துப் போடுவார்.

அந்த வருடம் முதல் ஞாயிறன்று, கணவரைத் தவறவிட்ட ஓர் அம்மாளைப் பற்றி அறிவித்தபோது அவர் கைக்கு வந்தது ‘ஆன்’. அதாவது, பச்சைத் தொப்பியின் மேல் ஓர் அம்மாள் உட்கார்ந்து கணவரைத் தேடுவதாக ஊர் முழுக்கக் கேட்டது. நான்கு நிமிடத்தில் கணவர் வந்து சேர்ந்தார், முத்தம் கொடுத்தார், இருவரும் பொரித்த பன்றித்தோல் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் கூட்டத்தில் யாரோ அந்த அறிவிப்பைப் பதிவு செய்து, தொப்பிமேல் சவாரி செய்யும் அம்மாளின் படத்தோடு இணையத்தில் விட்டுவிட்டார்கள். புதன்கிழமைக்குள் அதை அரை நாடு பார்த்துவிட்டது. வியாழக்கிழமை தலைநகரப் பத்திரிகை ஒன்று ‘தேசிய அவமானம்’ என்று தலையங்கம் எழுதியது. வெள்ளிக்கிழமை ஒரு லாரி வந்தது.

லாரியிலிருந்து இறங்கியது தேசியச் சுற்றுலா ஆங்கிலச் செம்மை நிறுவனம். கூண்டைப்போல் ஆறு மடங்கு பெரிய வெள்ளைக் கூடாரம், குளிர்சாதனம், பன்னிரண்டு மேசை, ஒரு கொடிக்கம்பம். இயக்குநரின் பெயர் லிசென்சியாதோ அபெலார்தோ தெஹாதா. லிசென்சியாதோ என்பது பட்டப்படிப்பின் அடையாளம்; அதைச் சேர்க்காமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. வெள்ளை லினன் கோட்டு, வெள்ளை லினன் கால்சட்டை. அவருக்குக் கீழே இரண்டு நிபுணர்கள். மிர்த்தா உரேன்யா என்ற அம்மாள் லண்டனில் படித்தவர்; ஒக்தாவியோ பிச்சார்தோ என்பவர் மயாமியில் படித்தவர். ஊரில் யாரும் அந்தப் பெயர்களை உபயோகிக்கவில்லை. லண்டனம்மா, மயாமிக்காரர், அவ்வளவுதான்.

இரண்டாம் ஞாயிறு காலை லிசென்சியாதோ பூங்காவில் உரையாற்றினார். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

“ஒரு நாட்டோட மானம் எங்க இருக்கு? கஜானாவுலயா? ராணுவத்துலயா? இல்லீங்க. தொப்பிக்கும் தலைக்கும் நடுவுல இருக்கு. அந்த இடைவெளியில எந்த முன்னிடைச்சொல்ல வைக்கிறதுங்கிறதுதான் கேள்வி. எங்க நிறுவனத்துல நாப்பத்திரண்டு பேர் பதினாறு வருஷமா இந்த ஒரே கேள்வியோட மல்லுக்கட்டுறோம். இன்னிக்கு வரைக்கும் எந்த முடிவுக்கும் வரல. எவ்வளவு ஆழமான விஷயம்னு நீங்களே பாத்துக்குங்க.”

நாங்கள் கைதட்டினோம். பதினாறு வருடம் ஒரு முடிவுக்கும் வராமல் சம்பளம் வாங்குவது எளிதல்ல என்பது எங்களுக்கும் தெரியும்.

பிறகு நெரெய்தாவைக் கூடாரத்துக்குள் அழைத்து நடைமுறையைச் சொன்னார்கள். இனிமேல் அவர் தானாக ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. ஆளைத் தேடி வருகிறவர் ஒன்பது பக்க ஆடை விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும். படிவம் முதலில் லண்டனம்மாவிடம் போகும், அப்புறம் மயாமிக்காரரிடம் போகும். இருவரும் ஒவ்வோர் உடுப்புக்கும் ஒரே குட்டிச்சொல்லை எழுதியிருந்தால் லிசென்சியாதோ முத்திரை குத்துவார், நெரெய்தா படிக்கலாம். வேறு வேறாக எழுதியிருந்தால் படிவம் இணக்க மேசைக்குப் போகும். இணக்க மேசையில் காபி இருக்கும்.

நெரெய்தா கவனமாகக் கேட்டுக்கொண்டார். தொல்லை கொடுக்கும் எண்ணமே இல்லாமல், மனதில் பட்டதைச் சொன்னார். சலவைக்கடை முதலாளி இந்தக் குட்டிச்சொற்களோடு போராடியதே இல்லை, ‘வேரிங்’ என்று ஒரே சொல்லைப் போட்டு, தொப்பி அணிந்த ஆள், சட்டை அணிந்த ஆள் என்று பேச்சை முடித்துவிடுவார், நாமும் அப்படியே செய்தால் என்ன என்று கேட்டார்.

லிசென்சியாதோ எழுந்து வாசல் திரையை இழுத்து மூடினார்.

“தோன்யா நெரெய்தா, அந்த வழி எங்களுக்கும் தெரியும்” என்றார் தாழ்ந்த குரலில். “அதுல போனா முன்னிடைச்சொல்லே வேணாம். முன்னிடைச்சொல் வேணாம்னா நாப்பத்திரண்டு குடும்பம் எங்க போகும்? அந்தச் சொல்ல இன்னொரு தடவ இங்க சொல்லாதீங்க.”

நெரெய்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பெலார்மினியோ அவருக்காகவே காத்திருந்தார். “என்ன தாயி, பத்தொன்பது வருஷம் வாய வச்சுப் பொழச்ச. இப்ப வாயத் தொறக்க ஒன்பது பக்கமாமே” என்றார். நெரெய்தா பதில் சொல்லவில்லை. அதற்கும் படிவம் இருக்கக்கூடும் என்று பயந்தாராம்.

மத்தியானம் இரண்டரைக்கெல்லாம் முதல் ஆள் தொலைந்தார். கார்டன் என்ற கனடாக்காரர், வைக்கோல் தொப்பி போட்டவர். அவர் மனைவி லொரேன் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். லண்டனம்மா தொப்பிக்கு ‘இன்’ எழுதினார், ஏனென்றால் தலை தொப்பிக்குள் இருக்கிறது. மயாமிக்காரர் ‘வித்’ எழுதினார், ஏனென்றால் தொப்பி எப்போது வேண்டுமானாலும் பறந்துபோகலாம், அதுவரை கூட இருக்கிறது, அவ்வளவுதான். படிவம் இணக்க மேசைக்குப் போனது. அதற்குள் கார்டனே நடந்து வந்து, என் மனைவியைக் காணோம் என்று அதே கூடாரத்தில் நின்றார். அவருக்கும் ஒன்பது பக்கம் கொடுத்தார்கள்.

தேடுகிறவர்களுக்கு இடதுபக்க நாற்காலிகள், தேடப்படுகிறவர்களுக்கு வலதுபக்க நாற்காலிகள், நடுவில் இடுப்புயரத் தடுப்பு. லொரேன் இடதுபக்கம். கார்டன் தேடுகிறவரா தேடப்படுகிறவரா என்று கொஞ்சநேரம் யோசித்து, அவரை வலதுபக்கம் உட்கார வைத்தார்கள். இருவரும் கையசைத்துக்கொண்டார்கள். லொரேன் எழுந்து தடுப்பைத் தாண்டப் போனபோது லிசென்சியாதோ மரியாதையாகத் தடுத்து, பார்ப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு என்று விளக்கினார். அவர்கள் தடுப்புக்கு மேலாக ஒரு வறுத்த வாழைக்காய்ப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்து இணக்க மேசை, கார்டனைத் தொப்பியைக் கழற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது.

ஐந்து மணிக்குள் இரண்டு பக்கமும் நாற்காலி நிரம்பிவிட்டது. கடைசியாக வந்த வழக்குதான் எங்கள் ஊர் இன்னும் பேசிக்கொள்வது. தொலைந்தவர் செம்பட்டைத் தலைமுடி கொண்ட ஓர் அம்மாள். வலதுபக்கம் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அதிசயமாக நிபுணர்கள் இருவரும் ஒத்துப்போனார்கள், சொந்த முடி என்றால் ‘வித்’, பொய்முடி என்றால் ‘இன்’. ஆகவே எது என்று தெரிந்தாக வேண்டும். மயாமிக்காரர் அந்த அம்மாளிடம் போய், இது உங்கள் முடியா, வாங்கியதா என்று லிசென்சியாதோ காலையில் பேசிவிட்டுக் கூடாரத்தில் வைத்திருந்த ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டார். பெலார்மினியோ அதை அணைத்துவைக்க மறந்திருந்தார், அல்லது மறந்ததாகச் சொன்னார். பூங்கா முழுக்கக் கேட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்திய கணவர் இருந்தார். அவருக்கே அன்றுதான் தெரிந்தது. மயாமிக்காரரின் கன்னத்தில் விழுந்த அறைக்குக் குட்டிச்சொல் எதுவும் தேவைப்படவில்லை.

மூன்றாம் ஞாயிறு இதைவிட மோசமாகப் போனது. விஸ்கான்சினிலிருந்து வந்த டார்லா என்ற பெண்மணி வந்து, தன் கணவர் வெர்ன், வேடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டார் என்று சொன்னார். என்ன வேடம் என்று லண்டனம்மா கேட்டார். பிசாசு என்றார் டார்லா.

லண்டனம்மா பேனாவை எடுத்து, பிசாசுக்குள் ஒரு மனிதர் என்று எழுதினார். மயாமிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் ‘உள்ளே’ என்று முழுமையாகச் சொல்ல முடியாது, பிசாசோடு ஒரு மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். அப்படிச் சொன்னால் இரண்டு பேரைத் தேடுவார்கள் என்றார் லண்டனம்மா. முகமூடி முகத்தின் மேல் இருப்பதால் ‘ஆன்’ வருமா என்று லிசென்சியாதோ சந்தேகம் எழுப்பினார். அப்படியானால் வெர்ன்மேல் பிசாசு ஏறியிருப்பதாக அர்த்தமாகும், அது நிறுவனத்தின் அதிகாரத்துக்குள் வராது என்று சொல்லி, பங்குச்சாமியார் அன்செல்மோவை அழைத்து வர ஆளனுப்பினார்கள்.

சாமியார் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். படிவத்தை இரண்டு முறை படித்தார்.

“மனுஷனுக்குள்ள பிசாசுன்னா அது எங்க வேலை. அதுக்கு பிஷப் ஆபீஸ்ல தனி அனுமதி வாங்கணும், மூணு வாரம் ஆகும்” என்றார். “பிசாசுக்குள்ள மனுஷன்னா அது நகராட்சி. என்னைய ஏன் எழுப்புனீங்க?”

இந்த விவாதம் நடந்துகொண்டிருந்த இரண்டு மணி நேரமும், கூடார வாசலில் ஒரு மஞ்சள் பிசாசு நின்றபடி, உள்ளே போகிற வருகிற அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் பின்புறத்தில் ஒரு போடு போட்டுக்கொண்டிருந்தது. மயாமிக்காரருக்கு மட்டும் பதினான்கு விழுந்தது. ஆறு மணிக்கு ஊர்வலம் முடிந்ததும் அந்தப் பிசாசு முகமூடியைக் கழற்றி, பசிக்கிறது டார்லா என்றது.

அன்று மாலை லிசென்சியாதோ கூண்டுக்கு நடந்து வந்தார். தவறு எங்கே என்று நிறுவனம் ஆராய்ந்துவிட்டதாம். படிவம் சரி, நிபுணர்கள் சரி, மேசை சரி. ஆகவே மீதி இருப்பது அறிவிப்பாளர்தான். அடுத்த ஞாயிறு அமைச்சர் வருகிறார். அவர் முன்னிலையில் நெரெய்தா ஆடைத் தேர்வு எழுத வேண்டும். தேறாவிட்டால் மார்ச் முதல் தலைநகரில் பதிவு செய்த ஒரு குரல் கூண்டில் ஒலிக்கும். குப்பை வண்டிக்கும் சாவுக்கும்கூட அந்தக் குரல்தான். இதை ஒரு கடிதமாகவும் கொடுத்தார். நெரெய்தா அதை மடித்து, எப்போதும் கையில் வைத்திருக்கும் செருப்புக்கடைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் படித்தார். கடைத்தெருவில் எதிரே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து உதட்டுக்குள் முணுமுணுத்தார். கசாப்புக்கடைக்காரர் ஏப்ரனுக்குள், மருந்துக்கடைப் பெண் கண்ணாடியோடு, போலீஸ்காரர் பூட்சுக்குள், என் மனைவி தலைமுடியைச் சுருட்டும் குழல்களுக்குள்ளா, குழல்களோடா? என் மனைவியின் முன்னால் அவர் கால் மணி நேரம் நின்றுவிட்டார். என் மனைவிக்கு அவமானமாகிவிட்டது. புதன்கிழமை காலை தண்ணீர் அறிவிப்பின்போது, தண்ணீர் குழாய்க்குள் வருமா, குழாயோடு வருமா, குழாய்மேல் வருமா என்ற குழப்பத்தில் பாதியில் நிறுத்திவிட்டார். அன்று தெருவில் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை என் கடைக்கு வந்து, முடி வெட்டிக்கொள்ளாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். பெலார்மினியோவும் பின்னாலேயே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். கிண்டல் எதுவும் செய்யவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“பெரியவரே, இந்த ஊர்ல தொலைஞ்ச ஒருத்தரையும் நான் விட்டதில்ல” என்றார் நெரெய்தா, கண்ணாடியைப் பார்த்தபடி. “குடிகாரன், கோவிச்சுக்கிட்டுப் போனவன், காது கேக்காதவன், எல்லாரையும் கூப்பிட்டு வரவச்சிருக்கேன். இப்ப நானே தொலைஞ்சிட்டேன் போல. என்னையக் கூப்புட ஆளில்ல.”

பெலார்மினியோ தொண்டையைச் செருமினார். “அந்தத் தலைநகரக் குரல நான் தட்டிக் குடுக்க மாட்டேன் தாயி. அது ஊமையாவே கெடக்கட்டும்” என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

நான்காம் ஞாயிறு வந்தது. அமைச்சர் மேடையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நிறுவனம் தன் பெருமையைக் காட்ட ஊர்வலத்தில் ஓர் அலங்கார வண்டி விட்டிருந்தது. இன், ஆன், வித் என்ற மூன்று சொற்களும் ஆளுயரத்துக்கு அட்டையில் வெட்டிப் பொன்னிறம் பூசியிருந்தன. நடுவில் வெள்ளை லினனில் லிசென்சியாதோ, கையை உயர்த்தியபடி. பின்னால் மின்சாரம் எடுக்கும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேடைக்கு இருநூறு அடி இருக்கும்போது ஏழெட்டுப் பிசாசுகள் வண்டியில் தொற்றி ஏறின. நிறுவன இயக்குநரின் பின்புறத்தைப் பற்றி ஊர் இரண்டு வாரமாகக் கனவு கண்டுகொண்டிருந்தது. முதல் அடிக்கு அவர் ஒரு துள்ளு துள்ளினார், இரண்டாம் அடிக்குப் பின்வாங்கினார், மூன்றாம் அடிக்கு ஜெனரேட்டரின்மேல் சாய்ந்தார். அகலமான லினன் கால்சட்டையின் ஓரம் சுழல்கிற பட்டையில் சிக்கியது. அப்புறம் நடந்தது ஒரு நொடி. கால்சட்டை அந்தப் பக்கம் போனது, லிசென்சியாதோ இந்தப் பக்கம் குதித்தார், கூட்டத்துக்குள் மறைந்தார்.

வண்டி மட்டும் மேடைக்கு முன்னால் வந்து நின்றது. அமைச்சர் எழுந்து நின்று இன், ஆன், வித் மூன்றுக்கும் வணக்கம் சொன்னார். இயக்குநர் எங்கே என்று கேட்டார்.

கூடாரத்தில் உடனே படிவம் எடுத்தார்கள். தேடுபவர்: அமைச்சர். தேடப்படுபவர்: இயக்குநர். இதையே நெரெய்தாவின் தேர்வாக வைத்துக்கொள்ளலாம் என்று நிபுணர்கள் முடிவு செய்து, அவரைக் கூண்டிலிருந்து வரவழைத்து நிறுத்திவைத்தார்கள். கோட்டுக்கு லண்டனம்மா ‘இன்’ எழுதினார், மயாமிக்காரரும் ‘இன்’ எழுதினார், இருவரும் சந்தேகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் கோட்டின் பித்தான் போட்டிருந்ததா என்ற கேள்வி வந்தது. போட்டிருந்தால்தான் ‘இன்’, திறந்திருந்தால் ‘வித்’ என்றார் மயாமிக்காரர். டையிடம் வந்தபோது சண்டை முற்றிவிட்டது. கழுத்து டைக்குள் இருக்கிறது, மீதி ஆள் டைக்கு வெளியே இருக்கிறார், அப்படியானால் அவர் எங்கேதான் இருக்கிறார் என்று லண்டனம்மா கத்தினார். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றார் அமைச்சரின் செயலாளர். இருபது நிமிடம் ஓடிவிட்டது.

அப்போது ஒரு சிவப்புப் பிசாசு கூடாரத்துக்குள் வந்து, கொம்பில் மாட்டியிருந்த வெள்ளைக் கால்சட்டையை எடுத்து நெரெய்தாவின் கையில் கொடுத்தது. கிழிந்து, கிரீசு படிந்து இருந்தது. பையில் லிசென்சியாதோவின் அடையாள அட்டை.

நெரெய்தா கால்சட்டையைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். கூட்டத்துக்குள் எங்கேயோ அந்த மனிதர் எந்த நிலையில் நின்றுகொண்டிருப்பார் என்று நினைத்ததும் அவருக்குக் கோபமெல்லாம் போய்ப் பாவமாகிவிட்டதாம், பிறகு சொன்னார். யாரிடமும் கேட்காமல் நேரே கூண்டுக்கு நடந்தார். பெலார்மினியோ ஒலிபெருக்கியை ஒரே ஒரு தட்டு தட்டினார். பத்தொன்பது வருடக் குரல் பூங்காவின் மேல் எழுந்தது.

“மேன் வித்தவுட் பேண்ட்ஸ்” என்றார் நெரெய்தா. “வெரி இம்பார்ட்டன்ட் மேன். வித்தவுட் பேண்ட்ஸ்.”

‘வித்தவுட்’ என்றால் இல்லாமல். ஊரே கேட்டது, ஊருக்கே புரிந்தது. ஆங்கிலம் அறியாத என் மனைவிகூட ஜன்னலுக்கு ஓடினாள்.

கூடாரத்தில் லண்டனம்மா கையில் பேனாவோடு உறைந்து நின்றார். மயாமிக்காரரும் அப்படியே. பிறகு மெதுவாக, ஒரே சமயத்தில், இருவர் தலையும் ஆடியது. அந்தச் சொல்லுக்கு எதிராகச் சொல்ல இருவரிடமும் எதுவும் இல்லை. லண்டனம்மா மட்டும், லண்டனில் ‘பேண்ட்ஸ்’ என்றால் உள்ளாடை என்று தயங்கினார். மயாமிக்காரர் அவர் தோளைத் தொட்டு, அது பெயர்ச்சொல், பெயர்ச்சொல் நம் துறையில் வராது என்றார். பதினாறு வருடத்தில் அவர்கள் தொட்டுப் பேசியது அதுதான் முதல் தடவையாம். கூட்டத்திலிருந்த ஆங்கிலேயர்கள் மற்றவர்களைவிட உற்சாகமாகத் தேடியதற்கு அந்த உள்ளாடை அர்த்தம்தான் காரணம்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பொரித்த பன்றித்தோல் விற்கிற பெண்ணின் மேசைக்கு அடியில் அவர் இருந்தார். அந்தப் பெண் இரக்கப்பட்டுத் தன் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிவிட்டிருந்தார். நான்கு பிசாசுகள் அவரைத் தோளில் தூக்கி வந்து, அமைச்சருக்கு முன்னால் பக்குவமாக இறக்கிவைத்தன. முன்பக்கம் மரியாதையாக இருந்தது. பின்பக்கத்தை அவர் மேடைக்குக் காட்டவில்லை, எங்களுக்குக் காட்டினார்.

கால்சட்டை கேட்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் தன் நிபுணர்களைப் பார்த்தார்.

“என்ன சொல் போட்டீங்க?” என்றார்.

“வித்தவுட்” என்றார் லண்டனம்மா.

லிசென்சியாதோ கண்ணை மூடி யோசித்தார். காற்று வீசியது, ஏப்ரன் பறந்தது, அவர் அசையவில்லை.

“சரிதான்” என்றார் கடைசியில். “ஆட்சேபம் இருக்கா?”

“இல்ல” என்றார் மயாமிக்காரர்.

“பதினாறு வருஷத்துல இதுதான் மொத முடிவா?” என்று அமைச்சர் கேட்டார்.

“ஆமாங்க. அதுவும் ஏகமனதா” என்றார் லிசென்சியாதோ, கண் கலங்க. அமைச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தலைநகரப் பத்திரிகை மறுநாள் அதை, அமைச்சர் உணர்ச்சிவசப்பட்டார் என்று எழுதியது. அந்த வருட இறுதியில் நிறுவனத்துக்கு மூன்று மாடிப் புதுக் கட்டடம் கிடைத்தது. இரண்டாம் மாடி முழுக்க ‘வித்தவுட்’ துறை.

நெரெய்தா தேறிவிட்டதாக அங்கேயே அறிவித்தார்கள். அவர் பெலார்மினியோவின் மாற்றுக் கால்சட்டையைக் கொண்டுவந்து லிசென்சியாதோவிடம் கொடுத்தார். அது குட்டையாக இருந்தது. அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். சான்றிதழ் ஏப்ரலில் தபாலில் வந்தது. தடித்த காகிதம், பொன் முத்திரை. நெரெய்தா அதை என் கடைக்குக் கொண்டுவந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு அடியிலுள்ள பொடி எழுத்தைப் படித்தார். அப்புறம் என்னைப் படிக்கச் சொன்னார். தேர்வில் சரியாகப் பயன்படுத்திய முன்னிடைச்சொல்லுக்கு மட்டுமே இந்த உரிமம் செல்லும், மற்ற முன்னிடைச்சொற்களை இவர் பொது இடத்தில் உச்சரிப்பது தண்டனைக்குரியது என்று இருந்தது.

அடுத்த பிப்ரவரியில் அதைக் கண்காணிக்க, நோட்டுப் புத்தகத்தோடு மயாமிக்காரரே வந்து கூண்டுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார். முதல் ஞாயிறு, மூன்று மணி இருக்கும். கேரி என்பவரின் மனைவி அழுதுகொண்டே வந்தார். நெரெய்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். என்ன போட்டிருக்கிறார் என்று சொல்ல உரிமம் இல்லை. என்னென்ன போடவில்லை என்று மட்டும் சொல்லலாம். ஒலிவாங்கியைத் திறந்து, மிஸ்டர் கேரி, உங்கள் மனைவி இங்கே இருக்கிறார், வித்தவுட் தொப்பி, வித்தவுட் கண்ணாடி, வித்தவுட் குடை என்று நிதானமாகப் படித்தார். மயாமிக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். நெரெய்தா அந்த அம்மாளின் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கடைசியாக ஒன்றைச் சேர்த்தார்.

“வித்தவுட் பொறுமை.”

கூட்டத்தில் பதினோரு புருஷர்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினார்கள்.